பாறசாலையில் எதிர்ப்பு சக்திக்கு எதிராக ஐந்து நாட்கள்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் எனக்கு வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்காமல் விடுவது அவர்களுடைய பெருந்தன்மை. அந்தப் பக்கம் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில், ஆவி பறக்க, ஒரு டம்ளர் வரும். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்ததாம். திருச்சியில் குழாயில் அந்த நிறத்தில் தண்ணீர் வந்தால் தெருவே திரண்டு மனு எழுதும். இங்கே அதை உடம்புக்கு நல்லது என்று ஊதி ஊதிக் குடிக்கிறார்கள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை கிரேஸ் பதினெட்டு வருடத்துக்கு முன் பாறசாலைப் பக்கம் கல்யாணமாகிப் போனவள். தையல்காரி. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களின் பாதி யூனிபார்ம் அவள் மெஷினில் தைத்தது. மூன்று மாதமாக அந்த மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அவளுக்கு வந்த நோயில், உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே மூளைக்குள் புகுந்து அடிக்கின்றன. வலது கண் பாதி போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் தவணை திங்கட்கிழமை. அவள் கணவர் ஸ்டான்லி மைக்செட் தொழில் செய்பவர். அன்றைக்குப் பார்த்து ஒற்றசேகரமங்கலத்தில் சர்ச் திருவிழா.

“அண்ணே, நீ கூட வந்தா போதும். வேற ஒண்ணும் செய்யண்டாம்” என்று போனில் சொன்னாள். அந்தப் ‘போதும்’ என்னை ரொம்பப் பெருமைப்படுத்தியது. ஐம்பத்தொரு வயதில் என்னை நம்பி யாரும் இப்படி ஒரு முழு வேலையைக் கொடுத்ததில்லை.

கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் முதலில் விக்கலாகத்தான் வந்தது. ஓயாத விக்கல், வாந்தி, மூன்று வாரம். முதலில் பார்த்த டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். மூன்றாமவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா, நடிக்கிறாரா என்று ஸ்டான்லியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து நான்கு கேள்வி கேட்க எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் நாலாவதாக நானும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். தினமும் போன் செய்து, அவள் விக்கிக்கொண்டே பேச, நான் சொன்ன ஜோக் இது: “யாரோ உன்னைய நெனைக்கிறாங்க போல. நானா இருக்காது. எனக்கு ஏது நேரம்?”

நாலாவது வாரம் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு ஸ்டான்லி வந்திருந்தார். வேன் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். எனக்கு இடம் ஒரு சுருள் வயரின் மேல்.

“அளியா, பயப்படண்டாம்” என்றார். மச்சான் என்பதற்கு இங்கே அளியன். “ஞான் சபையில பிரார்த்தனைக்குக் குடுத்தாச்சு. ரெண்டு ஞாயிறா எல்லாரும் ஜெபிக்காங்க.”

நல்லது என்றேன். என்னவென்று கொடுத்தார் எனக் கேட்கத் தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

வீட்டில் கப்பையும் மீன் குழம்பும். மரவள்ளிக்கிழங்கை எங்கள் ஊரில் பொழுதுபோக்குக்குத் தின்போம். இங்கே அதற்கு ஒரு தட்டும் ஒரு மரியாதையும் உண்டு. கிரேஸ் வலது பக்கமாகத் தலையைத் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். “மெலிஞ்சிருக்கே அண்ணே” என்றாள். மூன்று மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் உப்பிப்போனவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாள். நான் எழுந்து போய் இன்னொரு துண்டு கப்பை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. மலையாள தேசத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள். அத்தனை பேரும் அரை டாக்டர்கள். கிரேஸின் ஸ்கேன் படத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மருந்து குத்தி எடுத்ததா, சும்மா எடுத்ததா?” என்று மலையாளத்தில் விசாரித்தார். அவர் தொழில் வாழைக்குலை வியாபாரம்.

டாக்டர் இளவயதுப் பெண். அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல கிரேஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். மூளையில் நட்சத்திர வடிவத்தில் சில செல்கள் உண்டாம். ரத்தக் குழாய்களைக் கால்களால் அணைத்துக்கொண்டு, தண்ணீர் போகவரச் சின்னச் சின்ன வாசல் வைத்திருக்குமாம். ரத்தத்தில் ‘பி செல்’ என்று ஒரு வகை வெள்ளை அணு. கிருமி வந்தால் அதற்கென்று ஆயுதம் செய்து அனுப்புவது அதன் வேலை. கிரேஸின் உடம்பில் அது அந்தத் தண்ணீர் வாசலையே கிருமி என்று நினைத்து ஆயுதம் செய்திருக்கிறது. ஆயுதம் போய்க் குத்தியதும், என்ன ஏது என்று கேட்காமல் வேறு வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து தாமும் அடிக்கின்றன. விக்கலையும் வாந்தியையும் ஆளும் இடம் மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. அங்கே காவல் கொஞ்சம் தளர்வு. அதனால்தான் முதலில் விக்கல். பிறகு கண் நரம்பு.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! யார் இந்தச் செல்கள்? என் தங்கை தின்ற சோற்றில் வளர்ந்தவை. அவள் குனிந்து குனிந்து தைத்துச் சம்பாதித்த மீனில் கொழுத்தவை. இவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாதா? வாசலில் நிற்கும் காவலாளி வீட்டுக்காரியையே திருடி என்று அடித்தால் அவனை என்ன செய்வோம் என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

“வேலையை விட்டு அனுப்புவோம்” என்றார் டாக்டர், தமிழிலேயே. “இந்த மருந்து அதைத்தான் செய்கிறது. பி செல்களைக் காலி செய்துவிடும்.”

பிறகு சட்டைப்பையில் இருந்த பேனாவின் சிவப்பு மூடியைக் கழற்றி, கிரேஸின் வலது கண்ணை மூடச் சொல்லிக் காட்டினார். சிவப்பு என்றாள். இடது கண்ணை மூடச் சொல்லிக் காட்டினார்.

“சிவப்புதான். பல தடவ தொவைச்ச ஸ்கூல் டை மாதிரி இருக்கு” என்றாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். “இடது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. இன்னொரு தாக்குதல் வந்தால் எது போகும் என்று சொல்ல முடியாது. அந்தக் கண் போகலாம், கால்கள் போகலாம். திங்கட்கிழமை மருந்து தப்பக்கூடாது. ஆனால் காய்ச்சலோ சளியோ இருந்தால் ஏற்ற மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். எதிர்ப்பு சக்தியை நாங்களே குறைத்து வைத்திருக்கிறோம். சளி பிடித்த ஆட்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டாக்டர், எதிர்ப்பு சக்தி கூடுவதற்கு ஊரிலிருந்து ஒரு பொடி கொண்டுவந்திருக்கிறேன். பதினெட்டு மூலிகை” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அதை நீங்கள் சாப்பிடுங்கள்.”

அன்று சாயங்காலம் பொடி டப்பா என் பெட்டியின் அடியில், வேட்டிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பரிசோதிக்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணை மூடிக் காலண்டரின் சிவப்புத் தேதிகளைப் பார்த்தேன். மறு கண்ணை மூடிப் பார்த்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தேன். எண்பத்தாறுக்குப் பிறகு தகராறு. பள்ளியிலும் அங்கேதான் தகராறு என்பது வசதியாக மறந்துவிட்டது. தொண்டையில் வியாழக்கிழமையிலிருந்து ஒரு அரிப்பு. போனில் தேடினேன். மூளையிலிருந்து தொண்டைக்கு ஒன்பதாவது நரம்பு வருகிறதாம். முடிந்தது கதை, ஒன்பதாவது நரம்பு போய்விட்டது என்று முடிவு கட்டி, மனைவிக்குப் போன் செய்து பேங்க் பாஸ்புக் இருக்கும் இடத்தைச் சொன்னேன். “போன வருஷமும் சொன்னீங்க” என்றாள்.

சனிக்கிழமை. புட்டு, பயறு, பப்படம் மூன்றையும் சேர்த்துப் பிசைந்து முதல் கவளம் எடுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். கிரேஸ் போகும் தமிழ்ச் சபையின் மாதர் சங்கம் வந்துவிட்டது. பத்துப் பேர். இந்த ஊர்ச் சபைகளில் ஒரு வழக்கம்: ஞாயிறு ஆராதனையில் செயலாளர் சுகமில்லாதவர்களின் பேரையும் நோயையும் வாசிப்பார். அந்த வாரமே பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள், வெறுங்கையோடு போகமாட்டார்கள். எங்கள் ஊரில் நோயாளிக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும். இங்கே நோய்க்கு ஏற்ற சாமான்.

முன்னால் நின்றவர் தங்கபாய் அக்கா, அறுபது வயது, சங்கத்தின் தலைவி, இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கையில் கறுப்பாக ஒரு பாட்டில். “கசாயம் ஆக்கும். வெத்தலைக் கொடிக்காலுக்குப் போயி வேரு பறிச்சு நானே காச்சினது” என்றார். பின்னால் இருந்தவர்களிடம் கருஞ்சீரகம், நெல்லிக்காய் லேகியம், பச்சை மஞ்சள், பெயர் தெரியாத ஒரு சிவப்புத் தைலம். எல்லாவற்றிலும் ஒரே விசேஷம்: எதிர்ப்பு சக்தி கூட்டும்.

“இதெல்லாம் எதுக்கு?” என்றேன். குரல் ஏற்கெனவே ஒரு படி ஏறியிருந்தது.

“ஸ்டான்லிதான சபையில எழுதிக் குடுத்தான், கிரேஸுக்கு எதிர்ப்பு சக்திப் பிரச்சினைன்னு” என்றார் தங்கபாய் அக்கா. “அது கூடணும்ணு ரெண்டு ஞாயிறா முட்டு குத்தி ஜெபிக்கோம். எனக்க மக்கா, இருநூறு பேரு ஜெபம்.”

எனக்குக் கண் இருட்டியது. (இரண்டு கண்ணும். உடனே சோதித்தேன்.) இருநூறு பேர் முழங்கால் போட்டு, தப்பான கட்சிக்கு ஆதரவு கேட்டிருக்கிறார்கள்! கடவுள் கேட்டுவிட்டால்?

“அது கூடினதாலதாம்மா அவ கண்ணே போச்சு!” என்று கத்தினேன். “அதக் கொறைக்கத்தான் மருந்து ஏத்துறாங்க! நீங்க கூட்டிக் கூட்டிக் குடுத்தா அவ என்ன ஆவா? யாரும் உள்ள வரப்படாது! இருமுறவங்க இந்தத் தெருவுக்கே வரப்படாது!”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு அம்மாள், “இந்தத் தீனம் மருந்துக்கு அடங்காது. குடும்பத்துல ஏதோ பழைய சாபம் உண்டு, அதத் தேடணும்” என்றார். நோய்க்கு இங்கே தீனம் என்று பெயர்.

“எங்க குடும்பத்துல ஒரே சாபம் நான்தான். என்னையத் தேட வேணாம், எதிரதான் நிக்கிறேன்” என்றேன். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் கிரேஸ் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

தங்கபாய் அக்கா பாட்டிலை மதில்மேல் வைத்தார். “நல்லது நெனச்சுத்தான தம்பி வந்தோம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பத்து ஜோடிச் செருப்பும் அவர் பின்னால் போயின. பேச்சில் ஜெயித்துவிட்டு இவ்வளவு கேவலமாக நான் நின்றதில்லை.

அன்று மதியம் தெர்மாமீட்டரும் முகக்கவசமும் வாங்க நெய்யாற்றின்கரை போனேன். போன வேலை முடிந்து, ரசத்தில் ஊறிய வடை இரண்டு தின்று, பஸ் நிறுத்தத்தில் நின்றேன். தூரத்தில் சிவப்பாக அரசுப் பேருந்து. இதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைக்குமா? இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு. வலது கண்ணை மூடினேன். சிவப்பு. சந்தேகமாக இருந்தது, இன்னும் நாலைந்து தடவை மாற்றி மாற்றி மூடினேன். அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. படியில் நின்ற கண்டக்டர் ஒரு பெண்மணி. நான் கண்ணடித்தது முழுக்க அவரை நோக்கி.

“அம்மாவன், எந்தக் கண்ணில் கோளாறு?” என்று மலையாளத்தில் கேட்டார். மாமா என்றுதான் அர்த்தம். ஆனால் அவர் சொன்ன தொனியில் அதற்கு வேறு வயது இருந்தது. பஸ் சிரித்தது. பாறசாலை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் அகலத் திறந்தபடி வந்தேன். தொண்டை இன்னும் அரித்தது. ஒன்பதாவது நரம்பு, வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். ஸ்டான்லி திருவிழாவில்; அவர் செய்த தப்பைத் திருத்த ஆள் வேண்டுமே. ஆராதனைக்கு முன் போதகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நீங்களே முன்னால வந்து சொல்லிடுங்க” என்றார். மைக் முன்னால் நின்றதும் எனக்கு நட்சத்திர செல் மறந்தது, தண்ணீர் வாசல் மறந்தது. “நம்ம ரத்தத்துல ஒரு காவல்காரன்…” என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றேன். இருநூறு முகங்கள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் தங்கபாய் அக்கா.

அவர்தான் எழுந்தார். “தம்பி, நேத்து கதவுக்க முன்ன நல்லாத்தான பேசினீரு. அதையே சொல்லும்.”

சபையில் சிரிப்பு. எனக்கும் மூச்சு வந்தது. சொன்னேன். அவள் சக்தி அவளையே அடிக்கிறது, அதைக் குறைக்கிறார்கள், குறைந்திருக்கும்போது நம் சளி அவளுக்கு ஆபத்து, நாளைக்குக் காய்ச்சல் இருந்தால் மருந்து இல்லை, மருந்து இல்லையென்றால் அடுத்த கண்.

“அப்போ என்ன கேக்கணும்?” என்றார் தங்கபாய் அக்கா.

“குறையணும்ணு கேளுங்க.”

போதகர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எத்தனையோ வருட ஊழியத்தில் சமாதானம், விளைச்சல், வேலை, விசா எல்லாம் பெருகும்படி கேட்டவர். முதல்முறையாக ஒன்றைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் வைத்தார். “எங்கள் சகோதரியின் எதிர்ப்பு சக்தியை, வைத்தியர்கள் கேட்கும் அளவுக்கு, குறையப்பண்ணும்.” இருநூறு பேர் ஆமென் என்றார்கள்.

சாயங்காலம் மாதர் சங்கம் மறுபடி வந்தது. யாரும் கேட்டைத் தொடவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்று பாடினார்கள். கிரேஸ் ஜன்னலில் நின்று கை அசைத்தாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. இருமல் வந்தது. உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கார் வந்து நின்றது. கிரேஸ் முகக்கவசம் போட்டு, ஆஸ்பத்திரிக் கோப்போடு தயார். தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நான் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

தும்மினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூக்கிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

வியாழக்கிழமை ரயிலில் பிடித்த சாதாரணச் சளி, தொண்டை அரிப்பு என்று முறைப்படி அறிவித்து, இருமல் என்று கையெழுத்துப் போட்டு, இப்போது நேரில் வந்து நிற்கிறது. ஊர் முழுவதையும் கேட்டில் நிறுத்தியவன், நோயை உள்ளே வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். கண் பார்த்தேன், கணக்குப் பார்த்தேன், மூளைக்குள் இருக்கிற நரம்பையெல்லாம் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை. என்னைவிட அந்த பி செல் தேவலை.

“அண்ணே” என்றாள் கிரேஸ். “நீ வெளிய போ. அப்படியே பின்னால நட. இந்தப் பக்கம் மூச்சு விடாத.”

பின்னாலேயே நடந்து கேட்டுக்கு வெளியே, மதிலோரம் போய் நின்றேன். கூட வந்தால் போதும் என்றாளே. அந்த ஒரே வேலையும் போயிற்று. கிரேஸ் சொல்லி, காரோட்டி தங்கபாய் அக்கா வீட்டுக்கு ஓடினார். ஐந்தே நிமிடத்தில் அக்கா வந்தார், முகக்கவசம் போட்டு, தோளில் பை, கையில் சோற்றுப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றார்.

“எலே, நீ இஞ்ச நில்லு. பிள்ளைய நான் கொண்டு போறேன்.” நேற்று வரை ‘நீரு’ சொன்னவர். “அந்தப் பாட்டில் மதிலுமேல உண்டு. எதிர்ப்பு சக்தி கூடணும்னா குடி. ஒனக்குத்தான் அது வேணும்.”

கார் போய்விட்டது. செங்கல் என்ற ஊர்ப் பக்கம் திரும்பும் வளைவுவரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் சளி அவள் உடம்புக்குள் போயிருந்தால்? இங்கே தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏறினால்? நாலு நாள் ஒரே கூடத்தில் சாப்பிட்டோம். வியாழக்கிழமை அந்தக் கப்பையை ஒரே தட்டிலிருந்து எடுத்தேன். மதிலில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூளையில் அடி படுமே என்று விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்குப் போன்.

“அண்ணே, ரெண்டு தடவ பார்த்தாங்க. காய்ச்சல் இல்ல. ரத்தமும் சரியா இருக்காம். ஏத்த ஆரம்பிச்சாச்சு. சொட்டு சொட்டா போவுது.”

மூக்கை உறிஞ்சினேன், அதைச் சளியின் கணக்கில் எழுதலாம்.

அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம். “விக்.”

போனைக் காதோடு அழுத்தினேன்.

மறுபடியும். “விக்.”

“கிரேஸ்! நர்ஸைக் கூப்பிடு! மருந்தை நிறுத்தச் சொல்லு! டாக்டரைக் கூப்பிடு! அக்கா எங்க? அக்கா!”

பின்னணியில் தங்கபாய் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. பிறகு என் தங்கையின் குரல், நோய் வருவதற்கு முந்தைய அதே குரல்:

“யாரோ என்னைய நெனைக்கிறாங்க போல. நீயா இருக்காது. ஒனக்கு ஏது நேரம்?”

இதெல்லாம் விளையாடுகிற விஷயமா? ஒரு மனுஷனின் உயிர் இப்படிப் போய்வந்தால் யார் பொறுப்பு? மரியாதை இல்லை, பயம் இல்லை, வயசுக்கு ஒரு மதிப்பு இல்லை! ரப்பர் தோட்டத்தைப் பார்த்து நான் இவ்வளவும் கத்தி முடித்தபோது, போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

மதில்மேல் இருந்த பாட்டிலைத் திறந்தேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நின்ற இடத்திலேயே, கண் இரண்டையும் மூடிக்கொண்டு, அடிவண்டல் வரை குடித்தேன்.